மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் நடுவில் நான்

பண்டத்தரிப்பு

அன்புள்ள மச்சான் தியாகராசா அறிவது,

இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடக் குளிரில் நீங்களும் சுகமாயிருக்க மருதனார்மடம் ஆஞ்சநேயரை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதியது மரியாதைக்கு. உண்மையில் எனக்குத் தலை வெடிக்கிறது.

என் மகள், உங்கள் மருமகள் தர்சினிக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளை டிலக்ஷனுக்கும் எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, முடிந்தது தெரியும்தானே. தாலிகட்டு ஆவணியில். தாலி ஏறும்வரை சோடியைத் தனியே விடுவதில்லை என்பது எங்கள் வழக்கம், அந்தப் பொறுப்பை நானே எடுத்தேன், மாப்பிள்ளை நின்ற ஒரு மாதமும் கோயிலில் நடுவில் நான், பஸ்ஸில் நடுவில் நான், ஐஸ்கிறீம் குடிக்கப் போனாலும் நீரிழிவு வருத்தத்தோடு நடுவில் நான். போன கிழமை அவர் திரும்பிப் போய்விட்டார்.

நேற்று இவ்விடத் திருநெல்வேலியில் விசாப் படிவம் நிரப்பும் றஜனியிடம் போனோம். மரேஜ் எப்போது, வெடிங் எப்போது என்று கேட்டாள். இரண்டும் ஆவணியில் என்றேன். பேனாவை வைத்துவிட்டாள்.

"வெடிங் எண்டால் ஒருநாள் கொண்டாட்டம், அண்ணை. மேளம், பந்தல், சாப்பாடு. மரேஜ் எண்டால் சாகுமட்டும் சேர்ந்து வாழுறது. எழுத்தோடை உவை புருசன் பெண்சாதி."

"அப்ப நான் ஆரை ஆரிட்டையிருந்து காவல் காத்தனான்?"

உங்கள் தங்கை செல்வநாயகி சும்மா இருந்தாளா? "எங்கடை வெடிங் முப்பது வருசத்துக்கு முந்தி முடிஞ்சுது, றஜனி. மரேஜ் எப்ப தொடங்கும் எண்டு இவரைக் கேள்."

பிறகுதான் இடி விழுந்தது. சோடியாக நிற்கும் படங்கள் வேண்டுமாம். எங்களிடம் அறுபத்திரண்டு படம், அறுபத்திரண்டிலும் நடுவில் நான். என்னை வெட்டினால் மாப்பிள்ளையின் பாதித் தோளும் சேர்ந்து போகிறது. விசா கிடைக்காவிட்டால் பிள்ளை இங்கே, புருசன் அங்கே. என்னால் அவள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று நெஞ்சு பதறுகிறது, மச்சான். இவர்கள் உண்மையான சோடி, நடுவில் நிற்பவர் வெறும் தகப்பன் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தாருங்கள்.

மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். குளிருக்குக் காதை மூடுங்கள்.

இங்ஙனம்,
கனகரத்தினம்

பி.கு.: கடிதம் வேண்டாம். இதை வாசித்த தர்சினி சிரித்துக்கொண்டு கைபேசியைக் காட்டினாள். இருவரும் தனியே நிற்கும் நாற்பது படங்கள்! நான் கேற்றடியில் கதிரை போட்டுக் காவல் இருக்க, பின்வேலிப் பொட்டால், அந்த ஓட்டையால், போயிருக்கிறார்கள். வேலியில் பொட்டு வெட்டியதும் படம் எடுத்ததும் உங்கள் தங்கை. றஜனிக்கு உடனே அனுப்பினோம். ஒன்றை மட்டும் கழித்துவிட்டாள். பின்னால் கதிரையில் வாய் திறந்து தூங்குகிற ஆள் யார் என்று விசாக்காரர் கேட்பார்களாம்.