ஆறடுக்குக் காடு

வானத்திலிருந்து பார்த்தே ஒரு காட்டின் எடையைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். பிறந்து வளர்ந்த வடசென்னையைப் படத்தில் அடையாளம் தெரியாமல் விழித்தவளும் நானேதான்.

எண்ணூர் அலையாத்திக் காட்டை அளக்க வனக்காவலர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. நடத்துவது நான். எங்கள் இயக்குநர் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் என் ஒப்பந்த வேலை நிரந்தரமாகும். (அப்பாவிடம் 'ஆயிடுச்சுப்பா' என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். அவ்வளவு திமிர்!)

செயற்கைக்கோளின் ரேடார் அலை மரத்தில் பட்டு எவ்வளவு பலமாகத் திரும்புகிறதோ, அங்கே அவ்வளவு மரம் என்பது கணக்கு. இரும்பில் பட்டால் இன்னும் பலமாகத் திரும்பித் தொலைக்கும். அதனால் கட்டிடம், தொழிற்சாலை எல்லாவற்றையும் முதலிலேயே படத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். அவசரத்தில் அதைத்தான் நான் செய்யவில்லை.

படத்தில் ஓரிடம் கரும்பச்சையாக ஜொலித்தது. "வடசென்னையிலேயே அடர்ந்த காடு இதுதான்!" என்றேன்.

எண்ணூர்க் குப்பத்துக்காரரான காவலர் செல்வி அக்கா கையைத் தூக்கினார். "மேடம், அது மணலி ரோடாண்ட கீது. அங்க ஒரு முருங்க மரங்கூட கெடையாது. அது வந்து..."

"அக்கா, கண்ணு ஏமாத்தும். செயற்கைக்கோள் ஏமாத்தாது." (என்னமோ நானே அதை ஏவிவிட்ட மாதிரி.)

"சர்தான். வாங்க, போய்ப் பாத்துருவோம்."

மரத்தின் சுற்றளவை அளக்கும் டேப்போடு வேனில் போய் இறங்கினோம். எதிரே கன்டெய்னர் கிடங்கு; ஆறடுக்காக இரும்புப் பெட்டிகள். வாசலில் டிரெய்லர் லாரி வரிசை. மூன்றாவது லாரியிலிருந்து தலையை நீட்டியவர் என் அப்பா. துறைமுகத்துக்கு லோடு அடிப்பதுதான் அவர் தொழில்.

"இன்னா கண்ணு, இங்க இன்னாத்துக்கு வந்துகீற?"

செல்வி அக்காதான் சொன்னார்: "காட்ட அளக்க வந்துகீறோம், நைனா."

அப்பா பெட்டிகளைப் பார்த்தார். என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். "அளந்துக்கோம்மா. சீக்கிரம் ஆவட்டும். அந்த ரெண்டாவது மரத்த நான் ஏத்தினு போவணும்."

இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்தவர் என் நிரந்தர வேலை உத்தரவில் கையெழுத்துப் போடுவார் என்று நம்பினேன். போடவில்லை.

இப்போதெல்லாம் பயிற்சியின் முதல் வகுப்பு செல்வி அக்காவுடையது. கணினியைத் திறக்கும் முன் எல்லாரையும் ஊரைச் சுற்றிக் காட்டிக் கூட்டிவருகிறார்.

அப்பா இன்றைக்கும் லாரி எடுக்கக் கிளம்பும்போது, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "காட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்கிறார். எதிர் வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்தவர்கள், அவர் வனத்துறையில் நிரந்தர வேலையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.