உன் தபாலுக்கு என் பெட்டி

அன்பும் மரியாதையும் ஒருங்கே உரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர யாவரும் நலம். உன் நலத்தைக் கேட்டால் நீ எப்போதும்போல மழுப்புவாய் என்பதால் கேட்கவில்லை. மின்னஞ்சல் போட்டால் அது எனக்கே திரும்பி வரும், ஆகவே தாளில் எழுதுகிறேன்.

நேற்று போனில், "என் மெயில் உனக்கு வர்றதை நிறுத்துடா, போதும்" என்றாய். நிறுத்தலாம். ஆனால் ஆரம்பித்தது யார்? "ஆளுக்கொரு பாஸ்வேர்டை யாரு ஞாபகம் வச்சுக்கிறது? எல்லாம் ஒரே பெட்டியில விழட்டும், நீ பாத்து முக்கியமானதை மட்டும் சொல்லு" என்று உன் மகளிடம் சொல்லி உன் மெயிலையெல்லாம் என் பெட்டிக்குத் திருப்பிவிட்டவள் நீதான். சௌகரியமாகத்தானே இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது. தண்ணீர் வராது என்று வீட்டுக்காரர் அனுப்பிய தகவல் உனக்கு வந்த தையல் துணித் தள்ளுபடி மெயில்களுக்கு அடியில் புதைந்துபோக, நான் தலை நிறைய சோப்போடு குளியலறையில் நின்றேன், அது போகட்டும், உன் பள்ளித்தோழி "உன் நினைவாகவே இருக்கிறேன்" என்று எழுதியதை என் மனைவி பார்த்துவிட்டு, "யாருங்க இவ?" என்று கேட்டாள், விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிப்போயிற்று, அதுவும் போகட்டும், உன் பாட்டு டீச்சருக்கு "அக்காவுக்குத் தொண்டை சரியில்லை" என்று பதில் போட்டேன், அது என் முகவரியிலிருந்து போனதால் அந்தம்மா என்னைப் புது மாணவனாகச் சேர்த்துக்கொண்டார்.

நம் பழைய வீட்டுக் கதவில் தபால் போட ஒரே துவாரம்தானே இருந்தது? கடிதம் விழும் சத்தம் கேட்டதும் இருவரும் மாடிப்படியில் விழுந்தடித்து ஓடுவோம். உன் பேனா நண்பியின் கடிதத்தை நான் முந்திப் பிரித்துப் படித்துவிட்டு ஸ்கேலால் அடி வாங்குவேன். இப்போது அடியில்லாமல் படிக்கிறேன். காலையில் பெட்டியைத் திறந்தால் நூலகத்துக்கு நீ திருப்பாத புத்தகம் எது, பாட்டு வகுப்பு உண்டா இல்லையா, எல்லாம் தெரியும். ஒரே வீட்டில் இருப்பதுபோல இருந்தது அக்கா. அது எனக்குப் பிடித்திருந்தது.

இருந்தாலும் உன் தபால், உன் விருப்பம். இன்றே நிறுத்திவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்கேலைக் கண்டால் இன்றும் பயப்படும்,
தம்பி

பி.கு.: நிறுத்தப் போவதில்லை. உறையை ஒட்டும் நேரத்தில் கண் மருத்துவமனையிலிருந்து உனக்கு ஒரு மெயில் வந்தது. அடுத்த வாரம் கண் ஆபரேஷனாம், கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டுமாம். இதை மறைக்கத்தான் நிறுத்தச் சொன்னாயா? "தம்பி வருகிறேன்" என்று பதில் போட்டேன். அதுவும் என் முகவரியிலிருந்துதான் போனது. எனக்கும் ஒரு படுக்கை ஒதுக்கி, வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும், உன் பக்கத்துப் படுக்கைதானாம். கட்டுப் பிரிக்கும்வரை உன் தபாலை நான்தான் படித்துக்காட்ட வேண்டும். ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.