ஒழுக்கை ஒழித்த கூட்டம்

“அரை நாள் வண்டிய நிறுத்துங்க சார், பேக்கிங்க மாத்திடலாம்னு...”

“நிறுத்தறதா? வாசல்ல என்ன எழுதியிருக்கு, படிச்சியா?”

“படிக்கிறதுக்குள்ள இன்னும் நாலு சொட்டு ஒழுகிடுச்சு சார்.”

“‘இடைவிடாச் சேவை’ன்னு எழுதியிருக்கு! அரை நாள் நிறுத்தினா அது இடையா, இல்லையா?”

“இன்னைக்கு இடை விட்டாத் தப்பிச்சோம் சார். விடலேன்னா இடுப்பே ஒடிஞ்சிடும்.”

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த பெருங்காரியம், எங்கள் குடிநீர் வழங்கு அலுவலகத்தில் எண்ணெய் ஒழுக்கை ஒழித்ததுதான். தட்டச்சு மேசையிலேயே தலை நரைத்த எனக்கு அதை நேரில் காணும் பேறு கிடைத்தது.

சண்டையில் ‘சார்’ என்பவர் எங்கள் மேலாளர். மற்றவர் ஓட்டுநர். சண்டைக்குக் காரணமானவர் முற்றத்தில் வாய் திறக்காமல் நின்றார்: ஒரு கிழட்டு பிக்கப் வண்டி. தண்ணீர்த் தொட்டியை முதுகில் சுமந்து தினமும் மேட்டுத் தெருவுக்குப் போகிறவர். அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது. வண்டி ஏறினால்தான் அங்கே உலை ஏறும்.

எஞ்சினுக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே உள்ள ரப்பர் பேக்கிங் விறைத்து வெடித்து, எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அற்ப மனிதர்கள் புது ரப்பர் வாங்கியிருப்பார்கள். மேலாளர் கூட்டம் கூட்டினார்.

“ஒழுகுதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

“தரையில கறை இருக்கே சார்,” என்றார் மேற்பார்வையாளர்.

“அப்ப பிரச்சினை கறைதானே?”

அறையே சிலிர்த்தது. நோய் நாடி நோய்முதல் நாடிய அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன். அன்று மாலையே வண்டிக்கு அடியில் ஒரு தட்டு வைக்கப்பட்டது. மறுநாள் காலை மேலாளர் குனிந்து, கைக்குட்டையால் தரையைத் துடைத்து, முகர்ந்தும் பார்த்து, ஒழுக்கு ‘முழுமையாக நீக்கப்பட்டது’ என அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அதைத் தட்டச்சில் தட்டினேன்.

“ஓடும்போதும் ஒழுகுதே சார்?” என்றார் ஓட்டுநர். நல்ல காரியத்தில் நாக்கை நீட்டுவதே அவர் வழக்கம்.

“ரோட்டுல விழறத சாலைத் துறை பார்த்துக்கும். அடுத்தவங்க அதிகாரத்துல நாம தலையிடலாமா?”

என்ன பண்பு!

வண்டிக்குத் தினமும் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். ஓட்டுநர் டப்பா கேட்டுக் கிடங்குக்குப் போனார். கிடங்குக்காரி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஒழுகாத வண்டிக்கு எதுக்குய்யா ஆயில்?”

“உள்ள ஆயிலே இல்லக்கா.”

“‘நீக்கப்பட்டது’ன்னு பெரியவரு கையெழுத்தே இருக்கு. ஆயில் எங்க போச்சு, நீ குடிச்சியா?”

“தட்டுல கெடக்கறதையாவது வடிகட்டி ஊத்திக்கறேனே?”

“தட்டுல கைய வெச்ச, தொலைச்சிடுவேன்! தரை கறையாயிட்டா யாரு பதில் சொல்றது?”

சில நாளில் வண்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் அலறிக்கொண்டு வந்தார்.

“விளக்கு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்,” என்றார் மேலாளர். “எதையும் நல்ல கண்ணோட பாருய்யா.”

வண்டி கிளம்பியது. பாதி மேட்டில் ஒரு கத்தல், கொஞ்சம் புகை. எண்ணெய் வற்றிய எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. மேட்டுத் தெருக்காரர்கள் இறங்கி வந்து, தொட்டியில் இருந்த தண்ணீரைச் சுமந்து போனார்கள். அது அன்றைய பாட்டுக்குச் சரியாய்ப் போயிற்று.

வேறொருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். எங்கள் மேலாளர் முகம் மலர்ந்தார்.

“இனிமே ஒரு சொட்டு ஒழுகுமா, சொல்லுங்க?”

யாராலும் மறுக்க முடியவில்லை. இந்த ‘நிரந்தரத் தீர்வை’ப் பாராட்ட மூன்றாம் நாள் மறுபடியும் கூட்டம். மேற்பார்வையாளர் புகழுரையின் உச்சத்தில் இருந்தபோது, காலிக் குடத்தோடு ஒருத்தி உள்ளே வந்தாள்.

“யாரும்மா நீ? கூட்டம் நடக்கறது தெரியல?”

“மேட்டுத் தெரு சார். முந்தாநாளோட தண்ணி தீந்துபோச்சு. மக பெத்துப் படுத்திருக்கா. புள்ளையோட துணிய அலசக்கூடச் சொட்டுத் தண்ணி இல்ல.”

“ஒழுக்கு சரியாயிடுச்சும்மா. அதுக்குத்தான் இந்தக் கூட்டமே.”

“சந்தோஷம். தண்ணி?”

“வண்டி இல்லாம தண்ணி எப்படிம்மா வரும்? நீயே யோசிச்சுப் பாரு.”

அவள் யோசித்தாள். குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

“ஆளுக்கொரு பாட்டில் தண்ணி வெச்சிருக்கீங்களே சார், அது மட்டும் எந்த வண்டியில வந்துச்சு?”