வில்லுக்குப் பொட்டு வைத்த கதை

புது மாப்பிள்ளையாக இருக்கும் முதல் வருடத்தில் ஆண்பிள்ளைக்கு மூளை இருக்க வேண்டிய இடத்திலும் மீசைதான் இருக்கும். எனக்கு அந்த மீசையும் சரியாக முளைக்கவில்லை. இதை இத்தனை வெறுப்போடு நான் சொல்வதற்குக் காரணம், அந்த மடையனோடு இன்னும் ஒரே உடம்பில் குடியிருக்க வேண்டியிருப்பதுதான்.

மாமனாருக்கு விளாத்திகுளம் பக்கம் மானாவாரியாக மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வர ஆரம்பித்தன. வீட்டிலிருந்த பழைய சேலைகளையெல்லாம் காட்டைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். பன்றிகள் சேலையை விலக்கிக்கொண்டு மரியாதையாக உள்ளே போயின. "மாப்ள, கோவில்பட்டியில சோலார் வேலி போடுதவிய யாராச்சும் இருந்தா விசாரிச்சுச் சொல்லுங்க" என்று போனில் கேட்டார்.

விசாரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நான், "வேலியெல்லாம் எதுக்கு மாமா? நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். (ஏலே, என்னத்தலே பாத்துக்கிடுவ? பல்லியைக் கண்டால் பெஞ்சு மேல் ஏறுகிற பய நீ!)

நான் பார்த்து வைத்திருந்தது குறுக்குவில். துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து, விசையை இழுத்தால் அம்பு போகும். செல்போனில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் அதை வைத்து எதை எதையோ சாய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தாடி இருந்தது, பழக்கம் இருந்தது. என்னிடம் செல்போன் இருந்தது.

மதுரைக் கடைக்காரர் நல்ல மனுஷன். "சார், வேட்டைக்கு நம்ம ஊர்ல அனுமதி கிடையாது. குறி பார்த்துப் பழக மட்டும்தான்" என்றார். தலையாட்டினேன். "முதல் வில்லுன்னா லேசா இழுக்க வர்றதா எடுங்க. தோள்ல வச்சுப் பாருங்க, கைக்கு எட்டுதான்னு பாருங்க." அவர் காட்டிய லேசான வில் சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமான் போல எனக்குத் தெரிந்தது. இருப்பதிலேயே முரட்டு வில்லைக் கேட்டு வாங்கி, கடைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். செருப்பு வாங்கினால்கூட நாலடி நடந்து பார்க்கிறவன், வில் என் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன்! வில்லின் உடம்பெல்லாம் பச்சைப் பச்சையாக இலை வரைந்திருந்தது. அப்படியொரு இலையைக் கரிசல் காட்டில் எந்த ஆடும் கண்டதில்லை. அதற்காகவே எடுத்தேன்.

என் மனைவி செல்வியின் வளைகாப்பன்று வில்லோடு போய் இறங்கினேன். மாமனார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்ள, பன்னி மேல ஒரு அம்பு பட்டா பாரஸ்ட்காரவிய என்னையல்லா கூட்டிட்டுப் போவாவ?"

"சும்மா குறிதான் மாமா. கோணியில பன்னி வரைஞ்சு சுட்டுக் காட்டுதேன். சத்தத்துக்கே ஓடிரும்." (வில்லுக்கு ஏதுலே சத்தம்?)

மாமியார் விடவில்லை. "புதுசா ஒரு சாமான் வந்தா பூசை போடாம எடுக்கப்பிடாது" என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பைக்குக்குப் போடுகிற அதே பூசை. கைப்பிடியில் ஒரு பொட்டு, வில்லின் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பொட்டு, சுற்றிப் பிச்சிப்பூ. குறி பார்க்கிற குழாயின் கண்ணாடி பளபளவென்றிருந்ததால் முகப்பு விளக்கு என்றே நினைத்துவிட்டார் போல. அதற்கு நடுவில் பெரிதாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நாண் இழுக்கும்போது காலால் மிதித்துக்கொள்ள வில்லின் முனையில் இருக்கும் வளையத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம்.

அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கலாம். ஆனால் மாமியார் கைகூப்பி நிற்கிறார். சாமிப் பொட்டை அவர் கண்ணெதிரே அழிக்கிற புது மாப்பிள்ளையை எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்?

வளையத்தில் கால் வைத்து நாணை இழுத்தேன். வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி இழுத்தேன். பழம் நசுங்கிக் கால் வழுக்கியதுதான் மிச்சம். செல்வியின் தம்பி முருகேசன் வந்து, "அத்தான், நவுருங்க" என்று ஒரு மூச்சில் இழுத்து மாட்டிவிட்டான். வந்திருந்த சொந்தமெல்லாம் கூடிவிட்டது. சோளத்தட்டைப் போர் மேல் கரியால் வரைந்த கோணிப்பன்றி காத்திருந்தது. குழாயில் கண்ணை வைத்தேன். பன்றியைக் காணோம். குங்குமம்தான் சூரியோதயம் போலத் தெரிந்தது. பன்றி சூரியனுக்குப் பின்னால்தான் இருக்கும் என்று நம்பி விசையை இழுத்தேன்.

'டொப்' என்றது. பன்றியிடமிருந்து அல்ல. போருக்கு இந்தப் பக்கம் நின்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்து. வளைகாப்புச் சமையலுக்காக லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிய தொட்டி. அம்பு பாதி உள்ளே, பாதி வெளியே.

அதோடு விட்டிருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழுந்திருக்காது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். தண்ணீர் என் முகத்திலேயே பீய்ச்சியது.

"எய்யா, சோத்துக்கு வச்ச தண்ணி!" என்று மாமியார் அலறினார்.

வேறு வழி? அம்பை அதே ஓட்டையில் திருப்பிச் செருகி இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். கரிசல் மண் நனைந்தால் விடுமா? ஒரு செருப்பை அப்படியே விழுங்கிவிட்டது. அசைந்தால் தண்ணீர் ஒழுகும். சமையல்காரர்கள் என் அக்குளுக்கு அடியில் புகுந்து தொட்டிக் குழாயில் அண்டா அண்டாவாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். செல்விக்கு வளையல் போட்டதை நான் பார்க்கவில்லை. காதால் கேட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஒவ்வொருவரிடமும் மாமனார் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இவியதான் நம்ம மாப்ள" என்று என்னைக் கைகாட்டினார்.

பந்தி முடிந்த பிறகு முருகேசன் வந்து பைப் ஒட்டுகிற பசையை அம்பைச் சுற்றி அப்பி என்னை விடுவித்தான்.

சிரிப்பு இருக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லை நம்பி மாமனார் வேலிக்காரரைத் தேடாமலே இருந்திருந்தார். அந்த வருடம் பாதிச் சோளம் பன்றிக்குப் போனது. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அடுத்த வருடம் அவரே பஸ் ஏறி வந்து விசாரித்து வேலி போட்டார். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுவது அதற்காகத்தான்.

வில்லை அன்றைக்கே தலைமுழுகினேன். அம்புதான் தொலையவில்லை. பிடுங்கினால் தொட்டி ஒழுகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மாமியாரிடம் யாராவது அந்தக் கதையைக் கேட்டால், "நான் பொட்டு வச்சதாலதான் ஒரு ஆளு மேலயும் படல" என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வார். வருடா வருடம் ஆயுத பூசையன்று அரிவாள், மண்வெட்டி, டிராக்டர், வேலியின் பேட்டரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாகச் சந்தனக் கிண்ணத்தோடு தொட்டிப் பக்கம் போவார். என் மகள் அங்கிருந்தே கத்துவாள்:

"அப்பா, ஓடி வாங்க! உங்க ஆயுதத்துக்குச் சூடம் காட்டப் போறாவ!"