ரோட்டோரக் கண்ணாடி அறைக்கு என் ஆட்சேபம்

விருத்தாசலம்
14.9.2006

அன்புள்ள மருமகன் தங்கதுரைக்கு, உன் அம்மாவோடு கூடப்பிறந்த தாய்மாமன் கோதண்டபாணி சூளையடியிலிருந்து எழுத வைத்தது. இங்கே நானும் சூளையும் சூடாக இருக்கிறோம். நீங்கள் எல்லாரும் சென்னையில் குளிர்ச்சியாக இருக்கப் பழமலைநாதர் துணை. எனக்கு எழுத்து தெரியாதென்பதால், பொம்மைக்குக் கண் எழுதும் வேல்விழி எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நம் ஜாடிக் கம்பெனி முகப்பில் கண்ணாடி வைத்து ஷோரூம் கட்டச் சொல்லி மேஸ்திரி தனக்கோடியை அனுப்பினாயே, அந்தச் செலவு நியாயமா? நாற்பத்திரண்டு வருஷமாக நம்மிடம் ஊறுகாய் ஜாடி வாங்குகிறவர் யாரும் முன்வாசலில் வந்ததில்லை. சூளை பிரிக்கிற அன்றைக்குப் பின்பக்கமாக வந்து, ஜாடியை விரலால் சுண்டி, கணீரென்று கேட்டால்தான் எடுப்பார்கள். மங்கலம்பேட்டை பாத்திரக்கடை அமானுல்லா பாயிடம் ஷோரூம் சேதியைச் சொன்னேன். "கண்ணாடிக்குள்ள பூட்டி வெச்சா நான் எதைச் சுண்டிப் பாக்கறது பெரியவரே, ஒங்க மருமவன் தலையையா?" என்று கேட்டார். நீ மூன்றாம் வகுப்பில், மாசி மகத்துக்கு மறுநாள், சுடாத ஜாடிமேல் உட்கார்ந்து நசுக்கியதை இன்றுவரை உன் அப்பாவிடம் சொல்லாதவன் நான். பாயிடம் மட்டும் உன்னை விட்டுக்கொடுப்பேனா? சும்மா சிரித்து வைத்தேன்.

தனக்கோடி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய இடம் எது தெரியுமா? ஜாடி காய வைக்கிற களம். ஜாடியெல்லாம் ஓட்டைக் கொட்டகைக்குள் போனது. போன வார மழையில் நாற்பது ஜாடி கரைந்து பழையபடி மண்ணாகிவிட்டது. அதோடு விட்டானா? முன்சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு தீர்ந்துபோச்சாம், ஜாடிக்குப் பளபளப்பு ஏற்றக் கலக்கி வைத்திருந்த கிளேசை வாளியோடு தூக்கிப் போய்ச் சுவரில் அடித்துவிட்டான். "டேய், அது சூளையில வெந்தாத்தான்டா ஒட்டும்" என்றேன். "அப்ப செவுத்தைச் சுத்தி வெறகு அடுக்கட்டுமா பெரிப்பா?" என்கிறான். அதே மழையில் சுவர் பாலாக ரோட்டுக்கு ஓடி, பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றது.

ரம்ஜானும் தீபாவளியும் ஒட்டி வருகிறது. பாய் முந்நூறு ஜாடி கேட்டிருக்கிறார். "இன்னொருக்கா கரைஞ்சுதுன்னா நான் வேற கம்பெனி பாத்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். உன் அப்பா காலத்து வாடிக்கை, போனால் வராது. ஆகவே ஷோரூமை இடி, அந்தப் பணத்தில் கொட்டகைக்குத் தகரம் போடு. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

பூர்ணிமாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். எல்லாரும் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
இடது பெருவிரல் ரேகை வைத்த மாமன்
கோதண்டபாணி

பி.கு.: கடுதாசியை மடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை சல்லடையாக ஒழுகியது. நேற்றுத்தான் ஷோரூம் மேல்தளத்து முட்டுக் கம்புகளைப் பிரித்திருந்தார்கள். எல்லாரும் ஓடி ஓடி, பாய்க்காகச் செய்து காயவைத்த முந்நூறு ஜாடியையும் அதற்குள் அடுக்கிவிட்டோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. மேலே எழுதியதை விட்டுவிடு. இன்னும் பத்தடி நீட்டிக் கட்டச் சொல்லித் தனக்கோடிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டேன். பணத்தோடு கிளம்பி வா.