நைனா எடுத்த ஒரே படம்

கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபருக்குக் கடைசிப் பந்திதான் கிடைக்கும். எனக்கு மட்டும் எப்போதும் முதல் பந்தி. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், கழுத்தில் கேமரா என்று நான் உள்ளே நுழைந்தால், கேமரா யார் கண்ணிலும் படாது. "நீ மொதல்ல சாப்ட்டுடும்மா" என்று இலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். (தாலி கட்டும் நேரத்தில் எனக்குச் சாம்பார் ஊற்றிய மண்டபங்கள் உண்டு.)

சாப்பிட்டோமா, படம் எடுத்தோமா என்று இருந்திருக்கலாம். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு பயிலரங்கத்துக்குப் போய் வந்ததும் எனக்கு உரிமைப் பைத்தியம் பிடித்தது. மாற்றுத்திறனாளிகளைப் பாவமாகக் காட்டிப் படம் எடுப்பது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆட்களிடமெல்லாம் பேசினேன். வீட்டில் நைனா, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டால்கூட, "இதை அனுதாபத்தில் கேட்கிறாயா, சமமாக நினைத்துக் கேட்கிறாயா?" என்பேன். நைனா, அதாவது என் அப்பா, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறைத் தகராறுகளையே சிரித்துக்கொண்டு சமாளித்த மனிதர் என் உரிமைக் குரலுக்கு மட்டும் பயந்து, ரசப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்தப் பயிலரங்கத்தை நடத்திய அம்மையாரை நாங்கள் மேடம் என்போம். மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையைப் படங்களாகத் தொகுத்து ஒரு புத்தகம் போடப் போவதாகவும், அதற்கு ஒரு வருடம் முழுக்கப் படம் எடுக்க ஆள் வேண்டும் என்றும் அவர் சொன்னார். எனக்கு அந்த வேலையின் மேல் அப்படி ஓர் ஆசை. மண்டபம் இல்லை, மணமேடை இல்லை, முக்கியமாகச் சாம்பார் இல்லை. ஆனால் முதலில் ஒரு விழாவைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. "கையெடுத்துக் கும்பிடுற படம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது ஸ்டெல்லா. ஒண்ணு இருந்தாலும் வேலை கிடையாது."

எனக்கென்றே வந்ததுபோல அந்த மாதமே செஞ்சியில் ஒரு விழா. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சங்கம் வைத்து, நடக்க முடியாதவர்களுக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுத்தார்கள். சங்கத்துச் செயலாளரிடம் போனில் பேசி, இலவசமாகவே படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவருக்கு 'ஸ்டெல்லா ஸ்டூடியோ' என்பது மட்டும்தான் மனதில் பதிந்தது. ஸ்டூடியோவிலிருந்து ஒரு ஆம்பளை வருவார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

விழாவன்று காலையிலேயே நைனாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கேமரா ஸ்டாண்டைத் தூக்க ஒரு தோள் வேண்டுமே. திண்டிவனத்து நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய லென்ஸைக் கேமராவில் மாட்டியிருந்தேன். அதை அவர் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதுபோல நூறு புத்திமதி சொல்லிக் கொடுத்திருந்தார். பந்தலுக்குப் பின்னால் ராஜகிரி மலை, நல்ல வெயில், வரிசையாகப் புது ஸ்கூட்டர்கள். மேடைக்குச் சரிவுப் பாதைகூட போட்டிருந்தார்கள். விருந்தினர் சோபாவை அதன் வழியாக மேலே ஏற்றிவிட்டு, அழகுக்காகப் பூந்தொட்டிகளை வைத்து அதை மறித்துவிட்டார்கள். அதனால் சிறப்பு விருந்தினரான அரிசி மில் முதலாளியே கருணையோடு கீழே இறங்கி வந்து வண்டி கொடுப்பார் என்று ஏற்பாடு.

வண்டி வாங்க வந்தவர்களை உட்கார வைத்து நான் ஒரு பிரசங்கம் செய்தேன். "இது பிச்சை இல்ல, உங்க உரிமை. யாரும் கும்பிடாதீங்க. நிமிர்ந்து உக்காருங்க." முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் மட்டும் சந்தேகப்பட்டார்.

"கும்புடலன்னா குடுக்காம போய்டுவாங்களே, இன்னா பண்றது?"

"குடுப்பாங்க பெரியவரே. நான் இருக்கேன் இல்ல?"

பாவம், நம்பினார்கள். முதலாளி ஒவ்வொருவருக்கும் மாலை போட்டுச் சாவி கொடுத்தபோது, அத்தனை பேரும் கையை முழங்காலில் ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. வேலை கையில் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசி வண்டி அனந்தபுரத்துப் பெண் ஒருத்திக்கு. பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. பஸ் வரவில்லையாம். விருந்தினருக்கு அவசரம். மைக்கைப் பிடித்திருந்த செயலாளர் ஊன்றுகோல் உள்ள ஆள் எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். கோணம் பார்த்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"இங்க இருக்குது பாரு! கூப்புட்டா வர மாட்டியாம்மா?"

"நான் அவங்க இல்ல சார்..."

அதற்குள் இரண்டு தொண்டர்கள் என்னை அலாக்காகத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊன்றுகோல்களை ஒருவர், "பத்திரமா இருக்கும்மா" என்று எங்கேயோ கொண்டுபோனார். கழுத்துக் கேமராவைச் செயலாளர் கழற்றினார்.

"யாருதும்மா இது? போட்டோகிராபரு உங்கிட்ட குடுத்துட்டு எங்க போனான்?"

"நான்தான் சார் போட்டோகிராபர்!" என்று கத்தினேன்.

அவர் உருகிப்போனார். மைக்கில் சொன்னார்: "இந்தத் தங்கச்சிக்கு போட்டோகிராபர் ஆவணும்னு ஆசையாம்! எல்லாரும் ஒரு தடவ கைத்தட்டுங்க!"

தட்டினார்கள். முதலாளியும் மைக்கை வாங்கி, "ஆசப்படும்மா, தப்பில்ல. அடுத்த வருசம் கேமராவும் குடுத்துடலாம்" என்றார். அதற்கும் தட்டினார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது.

இவ்வளவும் பொறுத்திருப்பேன். ஆனால் செயலாளர் கேமராவோடு கூட்டத்தைத் துழாவி, தோளில் ஸ்டாண்டோடு நின்ற நைனாவைக் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா சார், கேமராவ லேடீஸ்கிட்ட குடுத்துட்டு வேடிக்க பாக்கறீங்க? எடுங்க!"

நைனா வாழ்நாளில் ஒரு படமும் எடுத்ததில்லை. 'இது என் மகள் கேமரா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேமராவை வாங்கினார், கண்ணில் வைத்தார், கண்டக்டர் குரலில் ஆரம்பித்தார்.

"முன்னாடி வாங்க... இன்னும் முன்னாடி வாங்க... எடம் இருக்குது, ஒட்டி நில்லுங்க!"

படம் எடுக்கும் பொத்தானென்று நினைத்து அவர் அழுத்திக்கொண்டிருந்தது லென்ஸைக் கழற்றும் பொத்தானை. இன்னொரு கை லென்ஸைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. இரவல் லென்ஸ்! கீழே செஞ்சிப் பாறை! இறங்கி ஓட எனக்கு ஊன்றுகோல் இல்லை. மைக் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. உரிமை, பயிலரங்கம், மேடம் எல்லாம் மறந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணில் நீர் முட்ட, நைனாவைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ரைட்!" என்றார் நைனா. சரியான பொத்தான் அப்போதுதான் விரலில் சிக்கியிருந்தது.

அன்று அந்தப் பந்தலில் கும்பிட்டது நான் ஒருத்திதான். அந்தப் பெரியவர் தன் புது வண்டியில் என்னைக் கடந்து போகும்போது நிறுத்தினார்.

"எங்கள கும்புட வேணாம்னு சொல்லிட்டு, நீ மட்டும் கும்புட்டு வண்டி வாங்கிக்கினியேம்மா!"

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அனந்தபுரம் பஸ் வந்துவிட்டது. "என் வண்டில எவ அது குந்திக்கினு இருக்கறது?" என்று வந்த உண்மையான பயனாளி என்னை இறக்கிவிட்ட விதத்தில் அனுதாபம் துளியும் இல்லை. சமத்துவம் என்றால் அதுதான்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் கத்தித் தீர்த்தேன். "நான் உன் பொண்ணுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"உன்ன மாலையோட பாத்ததும் எனக்கு ஒண்ணுமே ஓடலம்மா."

"அது இன்னா கல்யாண மாலையா?"

"எதோ ஒரு மாலை" என்றார். அழுகை வந்தது, அதையும் கோபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அன்றிரவே நான் எடுத்ததை மட்டும் பொறுக்கி மேடத்துக்கு அனுப்பினேன். செயலாளர் கேட்டபடி அவருக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். அந்த ஒன்றை நீக்க மறந்து தொலைத்தேன். மறுநாள் பேப்பரில் அதுதான் வந்தது. 'கண்ணீர் மல்க நன்றி தெரிவிக்கும் பயனாளி.' நான் செட் செய்து வைத்த வெளிச்சம், பின்னால் ராஜகிரி, நடுவில் கும்பிடும் நான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது அற்புதமான படம்.

மத்தியானம் மேடம் போன் செய்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"நீங்க எடுத்த படத்துல ஒருத்தரும் கும்பிடல, சரி. ஆனா எல்லாரும் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்த மாதிரி இருக்காங்க. நிமிரச் சொல்லி மிரட்டினீங்களா? பேப்பர்ல வந்த ஒரு படத்துலதான் உயிர் இருக்கு. அதை எடுத்தது யாரு?"

வெட்கத்தை விட்டு நடந்ததெல்லாம் சொன்னேன். மறுமுனையில் விசும்புவதுபோல ஏதோ கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன். மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, அந்தப் படத்தையும் புத்தகத்தில் போடலாமா என்று கேட்டார். கும்பிடுகிற படம் ஒன்றும் கூடாது என்று சொன்ன அதே மேடம்! இந்த முறை நிபந்தனை போட்டது நான். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதை நான்தான் சொல்வேன்.

வேலை கிடைத்தது. அந்த வருடம் முழுக்க யாரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லாமல் படம் எடுத்தேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நைனாவின் படம் இருக்கிறது. கீழே இப்படி: 'புகைப்படக் கலைஞர் ஸ்டெல்லா, தன் கேமராவைத் திருப்பிக் கேட்கிறார்.'

அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு என் ஸ்டூடியோவில் மாட்டியிருப்பது நைனாதான். கல்யாண ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம், "எம் பொண்ணு லட்சக்கணக்குல எடுத்துட்டா, பாவம். நான் எடுத்தது ஒண்ணுதான், பேப்பர்ல வந்துடுச்சு" என்பார். வீட்டிலோ இன்னும் மோசம். சாப்பிடும்போது ரசப் பாத்திரத்தை எட்ட முடியாமல் கேட்டால், அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, கேமரா பிடிப்பதுபோல விரலை வளைத்துக் காத்திருப்பார்.

நான் கும்பிட்டால்தான் "ரைட்!"