எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டு

"இதுல என் வீட்டுக்காரி எங்க?"

பெரியவர் அச்சுப் படியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் அவள் இல்லை.

நாளிதழின் இரங்கல் பக்கத்தை வடிவமைப்பவன் தாளை வாங்கிப் பார்த்தான். கட்டத்துக்குள் ஒரு திரைச்சீலை இருந்தது. அதன் கீழே பிறந்த தேதி, மறைந்த தேதி, ஆழ்ந்த துயரத்துடன் கணவரும் மக்களும். காலமானது திரைச்சீலை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பன்னிரண்டு வருடமாக அவன் அந்த ஒரு பக்கத்தையே செய்துவந்தான். அது கறுப்பு வெள்ளைப் பக்கம் என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு 'சாம்பல்' என்று பெயர். நிறத்தை வைத்துத்தான் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவன் நம்பவில்லை.

"கலர்ல இருக்காங்க சார்" என்றான், கணினித் திரையைக் காட்டி.

கலரில் இருந்தாள். பதினோரு பேர் நிற்கும் குடும்பப் படம். கடைசி வரிசையின் ஓரத்தில், கரும்பச்சைத் திரைச்சீலையை ஒட்டி, அரக்குச் சிவப்புச் சால்வையைத் தலையோடு போர்த்தியபடி ஒரு பெண். முன்னால் நின்றவரின் தோளும் சால்வையும் மறைத்தது போக, கண்ணும் மூக்கும் மேலுதடும்தான் தெரிந்தன. அதுவும் நிழலில்.

"கறுப்பு வெள்ளைக்கு மாத்தினா எங்க போறா?"

"நிறத்தை எடுத்துட்டா மிச்சம் நிக்கிறது வெளிச்சம் மட்டும்தான் சார். ஒவ்வொரு இடத்துலேர்ந்தும் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் வருதுங்கிற கணக்கு. அதை ஒளிர்வுன்னு சொல்வோம். சால்வை சிவப்பு, திரைச்சீலை பச்சை. ஆனா ரெண்டோட ஒளிர்வும் ஒண்ணு. பாருங்க." சால்வையின் மேல் குறியை வைத்தான். எழுபத்திரண்டு சதவீதக் கறுப்பு. திரைச்சீலையில் வைத்தான். எழுபத்திரண்டு. நிழலில் இருந்த முகம் அறுபத்தொன்பது.

பெரியவர் எண்களைப் பார்த்தார்.

"வீட்லயும் அப்படித்தான்" என்றார். "எங்க இருக்கான்னே தெரியாது. டீ மட்டும் வரும்."

சாம்பல் பேச்சை மாற்றினான். "வேற போட்டோ இல்லையா சார்?"

"ஆல்பம் அத்தனையும் புரட்டிட்டேன். நான் மட்டும் நூறு போட்டோல இருக்கேன். கல்யாண ஆல்பம் வீடு மாத்தும்போது நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. இதுலதான் கண்டுபிடிச்சேன். அந்தச் சால்வை நான் வாங்கிக் கொடுத்தது. நானா கடைக்குப் போய் அவளுக்குன்னு எடுத்தது அது ஒண்ணுதான்."

"அடையாள அட்டைல இருப்பாங்களே?"

"அதுல இருக்குறது நான் இல்லன்னு அவளே சொல்லுவா." பெரியவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "தம்பி, ஒரு நாளாவது அவளை நாலு பேர் பாக்கட்டும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மணி மூன்றரை. பக்கம் ஐந்துக்குப் போயாக வேண்டும்.

முதலில் திரைச்சீலையை வெளுக்க வைத்தான் சாம்பல். வெளுத்த வேகத்தில் கொஞ்சம் முகத்திலும் படிந்துவிட்டது. இப்போது முகமும் திரைச்சீலையும் ஒன்றாகிவிட்டன. சால்வை மட்டும் தனியாக நின்றது.

"தலை எங்கப்பா?" என்றார் பெரியவர். "கொடில காயப்போட்ட மாதிரி இருக்கு."

அதை விட்டுவிட்டுச் சால்வையைக் கறுப்பாக்கினான். செய்தித்தாள் மை உறிஞ்சும், இன்னும் கறுக்கும் என்று யோசித்துக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்தான். அப்படியும் இரண்டாவது படியில், இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் முறைத்தன.

"வங்கியில கொள்ளையடிக்கப் போறவ மாதிரி இருக்கா. பாவம், அவ வங்கிக்கே போனதில்ல."

மூன்றாவதாக, முகத்தின் வெளிச்சத்தைத் தூக்கிவிட்டான். பத்து சதவீதம் போதவில்லை. முப்பது, நாற்பது. முகம் டியூப் லைட் போலப் பளீரென்று எரிந்தது.

"இவ்வளவு வெள்ளையா இருந்திருந்தா எனக்குக் கட்டிக் கொடுத்திருப்பாங்களா?"

விளம்பரப் பிரிவு மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னப்பா சாம்பல், இன்னும் முடியலையா? செத்தவங்களுக்கு அவசரம் இல்ல, அச்சகத்துக்கு இருக்கு!" அப்போதுதான் நாற்காலியில் இருந்தவரைக் கவனித்தார். "ஐயா... மன்னிச்சுக்குங்க" என்று குரலை இறக்கி, சாம்பலின் காதருகே குனிந்தார். "ஏம்பா, ஓரமா ஒரு வெள்ளைக் கோடு போட்டுத் தொலையேன்!"

போட்டான். பள்ளிக்கூட நோட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் போல ஆகிவிட்டாள்.

"உரிச்சு எடுத்துடலாம் போல இருக்கு" என்றார் பெரியவர். இந்த முறை அவர் சிரிக்கவைக்க முயலவில்லை.

சாம்பல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். முழுப் படத்தையும் திரையில் விரித்தான். அப்போதுதான் மற்ற முகங்களைப் பார்த்தான். பதினோரு பேரும் ஒரே நொடியில் சிரித்திருந்தார்கள். புகைப்படச் சிரிப்பு இல்லை, வெடித்துவந்த சிரிப்பு. நடுவில் நின்ற பெரியவரின் பல் அத்தனையும் தெரிந்தது.

"நல்லா சிரிச்சிருக்கீங்க சார்."

"நான் போட்டோவுக்குச் சிரிக்கிற ஆள் இல்ல. அன்னிக்கு யாரோ என்னமோ சொன்னாங்க, அடக்க முடியல." கொஞ்சம் யோசித்தார். "என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் வரமாட்டேங்குது."

இந்தத் தடவை சாம்பல் அவசரப்படவில்லை. திரைச்சீலையை மட்டும் தனியாக வெட்டி, எழுபத்திரண்டிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினான். சால்வையைத் தொடவில்லை. முகத்தை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தான். கண்மணிகளின் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சத்தை வைத்தான். கட்டத்துக்குள் ஒரு பெண் மெதுவாக வந்து நின்றாள். தூசி மாதிரி தெரிந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தவன், மேலுதட்டின் இடதுபக்கம் கையை நிறுத்தினான்.

"சார், இது தூசியா, மச்சமா?"

பெரியவர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"மச்சமா?"

"அம்மாவுக்கு இங்க மச்சம் இருந்துச்சா சார்?"

பெரியவர் தன் மேலுதட்டை விரலால் தடவிக்கொண்டார், அங்கே விடை இருப்பது போல.

"முப்பத்தேழு வருஷம்" என்றார். பிறகு, "இருந்துச்சுன்னுதான் நினைக்கிறேன்." பிறகு, "இல்லையோ?"

"பரவாயில்ல சார். பதட்டத்துல எல்லாருக்கும் மறக்கும்."

"மறந்தாத்தானே தம்பி. நான் பாத்தேனான்னு யோசிக்கிறேன்."

சாம்பல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரியவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "ஏம்மா, உங்கம்மாவுக்கு உதட்டுக்கு மேல மச்சம் இருந்துச்சா? ...இல்லம்மா, பேப்பர் ஆபீஸ்ல கேக்குறாங்க... ஒரு போட்டோ கிடைச்சுது... சால்வை போட்டுக்கிட்டு... ஹலோ?"

போனை இறக்கினார். "எதையும் போடாதீங்க, வரேன்னு சொல்றா."

நாலே முக்காலுக்கு மகள் வந்தாள். அழுது வீங்கிய கண்கள், கலைந்த தலை. சாம்பல் கடைசிப் படியை எடுத்து நீட்டினான். அவனுக்கே அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு முகத்தை அவன் இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்ததில்லை.

மகள் பார்த்தாள். பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது சித்தி."

"சித்தியா?"

"அம்மாவோட தங்கச்சிப்பா! கீழ கார்லதான் உக்காந்திருக்காங்க. மச்சம் வேணும்னா நேர்லயே பாத்துக்குங்க."

கதவோரம் நின்றிருந்த மேனேஜர் சத்தமில்லாமல் வெளியே போனார்.

"சால்வை உங்கம்மாவோடது" என்றார் பெரியவர், வழக்கில் கடைசிச் சாட்சியைக் கூப்பிடுகிற மாதிரி.

"சித்திக்குக் குளிருதுன்னு அம்மாதான் கழட்டிப் போத்திவிட்டாங்க. அன்னிக்கு முழுக்க அம்மா சும்மா மெல்லிசா ஒண்ணு போட்டுக்கிட்டு நடுங்கிட்டே இருந்தாங்க."

பெரியவர் படத்தைக் கையில் எடுத்தார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கடைசி வரிசை. விரல் ஒவ்வொரு முகமாகத் தொட்டு நகர்ந்தது. பதினொன்றில் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"அப்ப உங்கம்மா எங்க?"

மகள் அவர் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, நாம பதினோரு பேரும் யாரைப் பாத்து இப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறோம்னு நினைச்சீங்க?"